இணையத்தில் வளர்ந்த உலகம் அச்சுக்குப் போனபோது: ஒரு நாவலின் நிகழ்வு ஆய்வு

சொந்தமாக ஒரு கற்பனை உலகத்தைக் கட்டி வைத்திருப்பவர்களிடம், அதாவது வரைபடம், அரச வம்சம், நாள்காட்டி, மந்திர விதிகள், இரண்டு மூன்று மொழிகளுக்கு இலக்கணம் என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் பேசினால், முதலில் வரும் கேள்வி அநேகமாக இதுதான்: "புத்தகம் வருவதற்கு முன்னால் இதை இணையத்தில் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் தெரிந்த நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தால், எழுத்தாளர்கள் மாட்டிக்கொண்டது திருட்டில் இல்லை, உரிமைச் சிக்கலில். உலகத்தைப் பொதுவில் வைத்த முதல் நாளில் எந்த நிபந்தனையோடு வைத்தார்கள், அதற்குள் வேறு யாருடைய கை பட்டது என்பதுதான் பிற்பாடு புத்தகம் போடும்போது வந்து நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இப்போதைக்கு மிகத் தெளிவான உதாரணம் 'தேர் இஸ் நோ ஆன்ட்டிமீமெட்டிக்ஸ் டிவிஷன்' என்ற ஆங்கில நாவல். க்யூஎன்டிஎம் என்ற புனைபெயரில் எழுதுபவருடையது. இணையத்தில் பலர் சேர்ந்து கட்டிய எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற உலகத்துக்குள் தொடராக எழுதப்பட்டு, பிறகு ஆசிரியரே புத்தகமாக்கி விற்று, கடைசியில் 2025 நவம்பரில் பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் குழுமத்தின் பாலன்டைன் பதிப்பகத்தில் வந்தது. வந்தபோது எஸ்சிபி என்ற பெயரே அதில் இல்லை. நாயகியின் பெயர்கூட மாறியிருந்தது. கதை அதே கதை, எழுதியவர் அதே ஆள், ஆனாலும் பிறந்த இடத்தின் அடையாளங்களை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் அச்சுக்குள் நுழைய முடிந்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

எஸ்சிபி என்ற உலகம்

2007 ஜூனில் ஃபோர்சான் என்ற இணையப் பேச்சுத் தளத்தின் அமானுஷ்யப் பிரிவில் பெயர் போடாமல் ஒருவர் ஒரு சின்னக் குறிப்பையும் ஒரு புகைப்படத்தையும் போட்டார். குறிப்பின் தலைப்பு எஸ்சிபி-173. ஏதோ ரகசிய நிறுவனத்தின் உள்ளக ஆவணம் போல, உணர்ச்சியே இல்லாத அலுவலக நடையில், ஒரு சிலையை அடைத்து வைக்கும் முறையை விவரித்தது: யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது அசையாது, கண் சிமிட்டினால் கழுத்தை முறித்துவிடும், அதனால் அறைக்குள் போகிறவர்கள் சிமிட்டுவதற்கு முன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த எண்தான் வேலை செய்தது. 173 என்று ஒன்று இருந்தால் 172ம் 174ம் இருக்க வேண்டுமே! மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 2008ல் இதற்கென்றே ஒரு விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதும் தளம், வந்தது, ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்ந்தன, ஃபவுண்டேஷன் என்ற அந்த ரகசிய நிறுவனம், அடைத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லும் 'சேஃப்', 'யூக்ளிட்', 'கெட்டர்' என்ற வகைப்பாடுகள், மேலே உட்கார்ந்து உத்தரவு போடும் ஓ5 குழு என்று எல்லாரும் பயன்படுத்தும் பொதுச் சாமான்கள் உருவாயின.

இந்த உலகத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இதில் அதிகாரபூர்வமான வரலாறு என்று எதுவும் கிடையாது. ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு முரண்பட்டால் முரண்படட்டும் என்பதுதான் ஏற்பாடு. இது படைப்புரீதியாகப் பெரிய விடுதலை. இரண்டாவது, விக்கியில் போடும் எல்லா எழுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 3.0 உரிமத்தின் கீழ் வருகிறது. நம் நாவலின் கதி அங்கேயே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம், எழுதியவர் அதைப் பற்றி யோசிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே.

அந்த உரிமம் சொல்வது இது: யார் வேண்டுமானாலும் இந்த எழுத்தை எடுக்கலாம், மாற்றலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். (இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், 'இலவச உரிமம்' என்றால் வியாபாரத்துக்குத் தடை என்று நினைக்கிறார்கள். வியாபாரத்தைத் தடுக்கும் வகையும் உண்டு, அது வேறு.) நிபந்தனை இரண்டு. மூலத்தை எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை தொற்றுவது மாதிரி, எங்கே போனாலும் கூடவே போகும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. நீங்கள் உங்கள் பக்கத்தை அழிக்கலாம், ஆனால் ஏற்கெனவே அந்த நிபந்தனைகளோடு பிரதி எடுத்தவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

நாவல் வளர்ந்த விதம்

க்யூஎன்டிஎம் இந்தக் கூட்டத்தில் ஆரம்ப காலத்து ஆள். எஸ்சிபி-055 என்ற பதிவு 2008 வாக்கிலேயே வந்தது. அதன் கரு, பார்த்த உடனேயே மறந்துபோகும் ஒரு பொருள். அது என்ன வடிவம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, என்ன வடிவம் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். பரவுகிற கருத்துக்கு நேர் எதிராக, தன்னைப் பற்றிய தகவலே பரவாமல் பார்த்துக்கொள்ளும் கருத்து. நாவலின் தலைப்பில் வரும் 'ஆன்ட்டிமீம்' இதுதான். பிறகு சில வருடங்கள் கழித்து அதே கருவை எடுத்து, அப்படிப்பட்ட ஆபத்துகளோடு சண்டை போடும் ஒரு துறையைப் பற்றிச் சிறுகதைகளாக எழுத ஆரம்பித்து, அது தொடராக நீண்டு, ஒரு முழு நாவலாகவே முடிந்தது. எதிரி யார் என்பதே நினைவில் நிற்காத போரை எப்படி நடத்துவது? உங்கள் துறை இருக்கிறது என்பதே உங்கள் மேலதிகாரிக்குத் தெரியாவிட்டால்? நல்ல கரு, சந்தேகமே இல்லை. விக்கியில் இலவசமாகக் கிடந்ததை ஆட்கள் தேடிப் படித்தார்கள், மற்றவர்களுக்கும் சொன்னார்கள்.

2021ல் ஆசிரியர் அதைச் சுயமாகப் புத்தகமாக்கி விற்றார். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது, மேலே சொன்னபடி விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் அந்தப் புத்தகமும் அதே உரிமத்துக்குள் நிற்கிற புத்தகம். அதாவது நாளைக்கு வேறொருவர் அதை அச்சடித்து, ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் போட்டு, பாதி விலைக்கு விற்றால் சட்டப்படி எதுவும் சொல்ல முடியாது. தனியாளாக விற்கும்வரை இது பெரிய விஷயமில்லை. ஒரு பதிப்பகம் வந்து கதவைத் தட்டும்போதுதான் இது பிரச்சினை ஆகிறது, ஏனென்றால் பதிப்பகம் காசு கொடுத்து வாங்குவது கதையை மட்டுமில்லை, "இதை நாங்கள் மட்டும்தான் வெளியிடுவோம்" என்கிற தனியுரிமையை. அது இல்லையென்றால் அவர்கள் வாங்குவதற்கு எதுவுமே இல்லை. மொழிபெயர்ப்பு உரிமை, ஒலிப்புத்தக உரிமை, திரைப்பட உரிமை எல்லாம் அந்த ஒரு ஆணியில்தான் தொங்குகின்றன.

அதனால் நாவல் மாற்றி எழுதப்பட்டது. ஃபவுண்டேஷன் வெறும் 'ஆர்கனைசேஷன்' ஆனது. எஸ்சிபி எண்கள் போய் 'அன்நோன்' என்ற புதிய பெயர் வந்தது. மரியன் வீலர் என்ற நாயகி மேரி குவின் ஆனார். சுயமாக வெளியிட்ட பழைய பதிப்பு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. விக்கியில் இருந்த மூலக் கதைகளோ அங்கேயே இருக்கின்றன, இருக்கத்தான் செய்யும்.

எது யாருடையது

இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தங்கள் உலகத்தை இணையத்தில் வளர்க்கிற எல்லாருக்கும் இதே கணக்குதான்.

முதலில் கரு. கருவுக்குப் பதிப்புரிமை எந்த நாட்டிலும் கிடையாது என்றே எடுத்துக்கொள்ளலாம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், 1994ல் வந்தது, இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: பாதுகாப்பு வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கு இல்லை. 'நினைவில் நிற்காத எதிரி' என்ற கருவை க்யூஎன்டிஎம் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், நீங்களும் போகலாம். இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ரெமெடி நிறுவனம் 2019ல் வெளியிட்ட 'கன்ட்ரோல்' என்ற வீடியோ கேமைப் பார்க்கலாம்: அமானுஷ்யப் பொருட்களை அடைத்து வைக்கும் அரசுத் துறை, கறுப்பு மையால் அடித்த ஆவணங்கள், அந்த அலுவலக வாசனை எல்லாம் எஸ்சிபி சாயல்தான், அந்தத் தாக்கத்தை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பெயர்கள், பொருட்கள், எழுத்து எல்லாம் அவர்களுடையது. எனவே எந்த உரிமமும் அவர்களைக் கட்டவில்லை. இதைத் திருட்டு என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு இலக்கிய வகை பிறப்பதே இப்படித்தான்.

அடுத்து, சொந்த எழுத்து. க்யூஎன்டிஎம் எழுதிய வாக்கியங்கள் அவருடையவைதான். பொது உரிமத்தில் போட்டதனால் அவர் பதிப்புரிமையை இழந்துவிடவில்லை, தன் எழுத்தை வேறு நிபந்தனையில் வேறொருவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. பழைய வடிவத்தைப் பொறுத்தவரை ஊருக்கே கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் அதையே அடிப்படையாக வைத்து எழுதிய புதிய வடிவத்தை அவர் யாருக்கும் தனியாக விற்கலாம். நாவலைக் காப்பாற்றியது இதுதான்.

மூன்றாவது, பொதுச் சாமான்கள். ஃபவுண்டேஷன், வகைப்பாடுகள், ஓ5, மற்றவர்கள் எழுதிய பொருட்கள், மற்றவர்கள் உருவாக்கிய பாத்திரங்கள். இவை ஆயிரம் பேர் கை வைத்தவை. இவற்றை விட்டுவிடாமல் கதையைப் பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அத்தனை பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும், அதில் பாதிப் பேர் புனைபெயருக்குப் பின்னால் இருந்துகொண்டு எப்போதோ காணாமல் போனவர்கள். நடைமுறையில் முடியாது. பலர் சேர்ந்து எழுப்பிய சுவரிலிருந்து நம் செங்கலை மட்டும் உருவ வேண்டும் என்றால், ஒட்டியிருக்கும் காரையை முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள், இந்த நாவலில் அது முடிந்தது. ஏன் முடிந்தது? கதையின் உயிர் எழுதியவருடைய சொந்தக் கருவில் இருந்தது. எஸ்சிபி உலகம் அதற்குப் பின்னணி மட்டும்தான். பின்னணியை மாற்றினாலும் கதை நிற்கிறது. இதே விக்கியில், வேறு நான்கு பேரின் பாத்திரங்களைச் சேர்த்து வைத்து எழுதப்பட்ட அருமையான கதைகள் இருக்கின்றன. அவற்றை இப்படிக் கழற்ற முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கூட்டு உலகத்தில் எழுதுகிறவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: எல்லாப் பெயரையும் மாற்றினால் என் கதை இன்னும் கதையாக இருக்குமா? இருக்கும் என்றால் பயப்பட வேண்டாம்.

அப்புறம், நஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விக்கி இல்லாவிட்டால் இந்த நாவலே இருந்திருக்காது. அதன் நடை, அதன் வாசகர்கள், வருடக்கணக்கான பேச்சு, எல்லாம் அங்கிருந்து வந்தது. பெயர் மாற்றம் என்பது அதற்குக் கொடுத்த விலை என்றால், என் கணக்கில் மலிவான விலைதான்.

அந்தப் புகைப்படம்

எஸ்சிபி-173ஓடு போட்ட புகைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது ஜப்பானியச் சிற்பி இசுமி காத்தோ 2004ல் செய்த, தலைப்பிடாத ஒரு சிற்பத்தின் படம். யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போட்டது. அநாமதேயமாக ஒரு பதிவு போடுகிறவர் இதையெல்லாம் யோசிப்பாரா என்ன. ஆனால் அந்தப் பதிவு உலகப் புகழ் பெற்றுவிட்டது, கூடவே தன் சிற்பம் ஒரு கொலைகார ஜந்துவாக ஊர் சுற்றுவதை அந்தக் கலைஞர் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் மனமில்லாமல்தான் விட்டுக்கொடுத்தார், அதுவும் வியாபாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. எழுத்தின் உரிமமோ வியாபாரத்தை அனுமதிக்கிறது. ஆக ஒரே பக்கத்தில் மேலே இருக்கும் படத்துக்கு ஒரு விதி, கீழே இருக்கும் எழுத்துக்கு இன்னொரு விதி. 173ஐ வைத்து ஏதாவது செய்து விற்க நினைக்கிறவர்கள் எழுத்தை எடுக்கலாம், அந்த உருவத்தைத் தொடக்கூடாது. 2022 பிப்ரவரியில், கலைஞருக்கு மரியாதையாக, அந்தப் படத்தை விக்கியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 15 வருடம் கழித்து. அந்த உலகத்தின் முதல் பதிவு இப்போது படம் இல்லாமல் இருக்கிறது.

உங்கள் உலகத்தின் பாத்திரம் இப்படி இருப்பார் என்று இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டிவைக்கும் பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தரங்கக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். பொதுவில் வேண்டாம், ஏனென்றால் வாசகர் மனத்தில் அந்த முகம் பதிந்த பிறகு அட்டைப்படத்துக்கு வேறு முகம் கொடுப்பது உங்கள் பாடு.

எதிர்த் திசையில் வந்த சிக்கல்

இதுவரை பார்த்தது நாம் கொடுத்தது நம்மை எப்படிக் கட்டுகிறது என்பது. வாசகர் நமக்குக் கொடுப்பதும் கட்டும். இதற்குப் பழைய, நன்றாகத் தெரிந்த நிகழ்வு 'பாபிலோன் 5' தொலைக்காட்சித் தொடர். அதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, 1990களின் தொடக்கத்திலேயே, தொடர் வருவதற்கு முன்பிருந்தே, இணையத்தில் ரசிகர்களோடு நேரடியாகப் பேசியவர். அந்தக் காலத்துக்கு அது பெரிய புதுமை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: கதை யோசனைகளை என் கண்ணில் படும்படி போடாதீர்கள். ஆனாலும் ஒரு ரசிகர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், ஒரு சூழ்நிலையை எழுதிவிட்டார். அது ஸ்ட்ராசின்ஸ்கி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த அத்தியாயத்தோடு ஒத்துப்போனது. இப்போது அதை எடுத்தால், ரசிகரிடமிருந்து எடுத்ததாக யாராவது சொல்லலாம். எடுக்காவிட்டால் தன் சொந்தக் கதையை இழக்க வேண்டும். அத்தியாயம் ஏறக்குறைய ஒரு வருடம் கிடப்பில் கிடந்தது. அந்த ரசிகரே எழுத்துபூர்வமாக இசைவு கொடுத்த பிறகுதான் 1995ல் 'பாஸிங் த்ரூ கெத்செமனே' என்ற பெயரில் ஒளிபரப்பானது.

கவனித்தீர்களா, இங்கே வழக்கு எதுவும் நடக்கவில்லை, யாரும் கெட்டவரும் இல்லை. வழக்கு வரலாம் என்கிற வாய்ப்பே ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று மேலே சொன்னேனே, பிறகு ஏன் இந்தப் பயம் என்றால், கரு எங்கே முடிகிறது வெளிப்பாடு எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்ய நீதிமன்றம் வரை போக வேண்டும், போனால் ஜெயித்தாலும் செலவு. தயாரிப்பு நிறுவனமோ பதிப்பகமோ அந்தத் தொந்தரவைக் கிட்டத்தில் சேர்க்காது.

சின்ன எழுத்தாளருக்கு இது வேறு உருவத்தில் வரும். உங்கள் உலகத்தைப் படித்துவிட்டு ஒருவர் ஆசையாக ஒரு நதிக்குப் பெயர் வைக்கிறார், இன்னொருவர் ஒரு குலத்தின் சடங்கை எழுதி அனுப்புகிறார், மூன்றாமவர் வரைபடத்தை அழகாக வரைந்து தருகிறார். எல்லாம் அன்பு. மூன்று வருடம் கழித்து ஒப்பந்தத்தில் "இந்தப் படைப்பு முழுக்க என்னுடையது" என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது அந்த நதி யாருடையது? ஒரு பெயர் மட்டும் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, தனிப் பெயர்களுக்குப் பதிப்புரிமை கிடைப்பது அரிது. சடங்கை அவர் எழுதிய வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறீர்கள் என்றால் அது அவருடையது. வரைபடம் சந்தேகமில்லாமல் வரைந்தவருடையது, நீங்கள் சொல்லிச் சொல்லி வரைந்ததாக இருந்தாலும். வாங்கும்போதே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: இதை என் புத்தகத்தில் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம் என்று. நட்பு முறிந்த பிறகு கேட்பதைவிட நட்பாக இருக்கும்போது கேட்பது எளிது.

தனியாளாகப் போட்டவர்கள்

இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒற்றுமை என்னவென்றால் உலகம் முழுக்க ஒரே கையில் இருந்தது. ஜான் ஸ்கால்ஸி 2002 டிசம்பரில் 'ஓல்ட் மேன்ஸ் வார்' நாவலைத் தன் சொந்தத் தளத்தில் தொடராகப் போட்டார். டார் பதிப்பகம் அதைப் பார்த்துத் தானே முன்வந்து வாங்கி 2005ல் வெளியிட்டது. ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' கதையை 2009 முதல் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டபோது, படித்தவர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் வேதியியலிலும் மற்றதிலும் இருந்த பிழைகளைச் சொல்ல, அவர் திருத்திக்கொண்டே போனார். பிறகு வாசகர்கள் கேட்டதால் 2011ல் கிண்டிலில் 99 சென்டுக்குப் போட்டார், 2014ல் கிரவுன் பதிப்பகத்தில் வந்தது. இங்கேயும் வாசகர் கை வைத்தார்கள்தான், ஆனால் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்: உண்மைகளை. உண்மைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. "இந்த வினையில் இவ்வளவு வெப்பம் வரும்" என்று சொல்வதற்கும் "உன் நாயகன் இப்படித் தப்பிக்கட்டும்" என்று சொல்வதற்கும் உரிமைக் கணக்கில் வெகு தூரம்.

என் கண்ணில் இவர்கள் எல்லாரையும்விடத் திட்டமிட்டுச் செய்தவர் மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன். 'வார்பிரேக்கர்' நாவலை எழுத எழுத, கரடுமுரடான வரைவுகளாகவே தளத்தில் போட்டார். 2009ல் டார் வெளியிட்டது. அவர் எடுத்ததும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான், ஆனால் வேறு வகை: பிரதி எடுத்துப் பகிரலாம், விற்கக் கூடாது, மாற்றி வேறொன்றாக்கவும் கூடாது. எஸ்சிபியின் உரிமத்துக்கும் இதற்கும் பெயரில் இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம். ஒன்றில் பதிப்பகம் வாங்க எதுவும் மிஞ்சவில்லை, இன்னொன்றில் பதிப்பகத்துக்குத் தேவையான எல்லாமே ஆசிரியர் கையிலேயே இருந்தது. உரிமம் தேர்ந்தெடுப்பதை ஏதோ படிவத்தில் ஒரு கட்டம் போல நினைத்து அழுத்திவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

உரிமமே குறிப்பிடாமல் போட்டால்? அப்போது எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கிறது. பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், எழுதினாலே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகமாக இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவதே மேல். பிற்பாடு தளர்த்தலாம், கொடுத்ததை இறுக்க முடியாது. ஆனால் வேறொருவரின் தளத்தில் போடுகிறீர்கள் என்றால் அந்தத் தளத்தின் விதிகளே உங்கள் உரிமம். அதைப் படிக்காமல் 'வெளியிடு' பொத்தானைத் தொடாதீர்கள்.

கசிந்தால்

நாமாகப் பகிர்வதும் நம்மை மீறி வெளியே போவதும் ஒன்றில்லை. 'ட்வைலைட்' நாவல்களை எழுதிய ஸ்டெஃபனி மேயரின் 'மிட்நைட் சன்' வரைவு, பன்னிரண்டு அத்தியாயங்கள், 2008ல் இணையத்தில் கசிந்தது. அவர் அந்த வரைவைத் தானே தன் தளத்தில் போட்டுவிட்டு, எழுதுவதை நிறுத்திவிட்டார். புத்தகம் வந்தது 2020ல். உரிமை முழுக்க அவரிடம்தான் இருந்தது, வாசகர்கள் காத்திருந்தார்கள், பதிப்பகமும் இருந்தது. போனது எழுதுகிற மனசு. கையெழுத்துப் பிரதியைப் பலருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பதிப்பகங்களும் இதழ்களும்

இது சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். அறிவியல் புனைவு, மிகுபுனைவு இதழ்களில் பெரும்பாலானவை ஒரு கதை பொதுவில், யாரும் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தால் அதை ஏற்கெனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்ளும். முதல் வெளியீட்டு உரிமையைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள், அது போய்விட்டது. கடவுச்சொல் போட்ட, சில பேர் மட்டும் படித்துக் கருத்துச் சொல்லும் இடத்தில் வைத்திருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. புத்தகப் பதிப்பகங்கள் இதில் இவ்வளவு கறாராக இல்லை, மேலே பார்த்த எல்லா உதாரணங்களும் அதற்குச் சாட்சி. அதனால் உங்கள் உலகத்தில் நடக்கும் சிறுகதைகளை இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அவற்றைப் பொதுவில் போடாதீர்கள். போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிட்டேன் என்பதும் செல்லாது, இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பிரதிகளில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

உலகத்தைப் பற்றிய குறிப்புகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. வரைபடம், நாள்காட்டி, அரச வம்சப் பட்டியல், எழுத்து முறை இவையெல்லாம் கதை இல்லை. இவற்றைப் போடுவதால் பின்னால் வரும் நாவலின் முதல் வெளியீட்டு உரிமை கெடாது. ஆகவே பகிர வேண்டும் என்ற அரிப்பு இருந்தால் முதலில் பகிரத் தக்கவை இவைதான். கதைத் திருப்பங்களையும், உலகத்தின் மர்மத்துக்கான விடையையும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக இல்லை, வாசகருக்கு ஏதாவது மிச்சம் வேண்டுமே.

ஆனால் குறிப்புகளைப் பகிர்வதில் வேறொரு செலவு உண்டு, அது உரிமையைப் பற்றியது இல்லை. போட்டது கெட்டியாகிவிடும். தெற்கே பாலைவனம் என்று போட்டீர்கள், பத்துப் பேர் அதைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் அதற்குப் படம் வரைந்தார். நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்தில் அங்கே கடல் இருந்தால்தான் கதை நகரும் என்று தெரிகிறது. மாற்றுவீர்களா? எஸ்சிபிக்காரர்கள் 'அதிகாரபூர்வ வரலாறு கிடையாது' என்று முதலிலேயே சொல்லி இதிலிருந்து தப்பித்தார்கள். சாண்டர்சன், இது வரைவு, மாறும் என்று வெளிப்படையாக வைத்துத் தப்பித்தார். நீங்களும் ஒவ்வொரு பக்கத்திலும் 'வரைவு, மாறலாம்' என்று தேதியோடு போட்டுவிடுங்கள், அது போதும், வாசகர்கள் அவ்வளவு பிடிவாதக்காரர்கள் இல்லை.

இன்னொன்று, உலகத்தைக் கட்டிக்கொண்டே இருந்து கதையை எழுதாமல் போவது. கட்டுவது இன்பம், பாராட்டும் உடனே கிடைக்கிறது, எழுதுவதோ தனிமையான வேலை. பகிர்வது இந்தப் பழக்கத்தை வளர்க்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது, முடிக்கப்பட்ட வரைவு ஒன்றாவது கையில் இருக்கும்வரை பகிராமல் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு மாறாக, தொடராகப் போட்டால் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும் கண்களே எழுத வைக்கும் என்பவர்களும் உண்டு. மேலே சொன்ன நாவல்களில் பல அப்படித் தொடராக வந்தவைதான். வித்தியாசம் இதுதான்: அவர்கள் பகிர்ந்தது கதையை.

சரி, ஏற்கெனவே எல்லாவற்றையும் பொதுவில் போட்டாயிற்று, இப்போது ஒரு பதிப்பகம் கேட்கிறது என்றால்? மறைக்காதீர்கள். எங்கே, எப்போது, எந்த உரிமத்தில் போட்டீர்கள், யார் யார் என்ன பங்களித்தார்கள் என்று ஒரு பட்டியலாக அவர்களுக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எப்படியும் 'இது என் சொந்தப் படைப்பு, வேறு யாருக்கும் இதில் உரிமை இல்லை' என்று உறுதிமொழி கேட்பார்கள். அதில் பொய் சொன்னால் பிற்பாடு வரும் செலவு உங்கள் தலையில். இணையத்தில் இருக்கும் வடிவத்தை எடுக்க வேண்டுமா, முதல் சில அத்தியாயங்களை மட்டும் விட்டுவைக்கலாமா, அப்படியே முழுசாக இருக்கட்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டு உலகத்திலிருந்து வருகிறது என்றால் எந்தப் பெயர்கள் உங்களுடையவை, எவை கழற்றப்பட வேண்டியவை என்ற பட்டியலையும் நீங்களே போடுங்கள், பதிப்பகத்தின் வக்கீல் போட்டால் தேவைக்கு அதிகமாகவே வெட்டுவார்.